நாலு மழை பார்த்த சிலிகான் வழிப்பான்

2022 மே மாதக் கடைசி. மழை இறங்குவதற்குள் முடித்துக்கொடுக்க வேண்டிய ஜன்னல் வேலை தலைக்கு மேல் கிடந்தது. ட்ரில் பிட் வாங்க மும்பை நாக்தேவி தெருவுக்குப் போனவன், கடைக்காரர் மேஜையில் கிடந்த ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி நாலு பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றின் மூலைகளும் வெவ்வேறு அளவில் சாய்வாகச் சீவியிருந்தன. ஜன்னல், சிங்க் ஓர இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கிற பசையான சிலிகானை அடித்த பிறகு அந்த லைனை வழித்து ஒழுங்குபடுத்துகிற சாமான் என்றார். 180 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

கடையில் இதை சிலிகான் ஃபினிஷர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். என்னிடம் வேலை பழகும் பையன் முதல் நாளே ‘வழிப்பான்’ என்று பேர் வைத்துவிட்டான். கிரைண்டரில் மாவு வழிக்கிற அதே கை அசைவுதான் இதற்கும், அதனால் பேர் பொருத்தமாக இருக்கிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

தாராவி 90 அடி ரோடு பக்கம் எனக்குச் சின்னப் பட்டறை. அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், கிச்சன் சிங்க், வாஷ்பேசின் பொருத்துகிற வேலை. பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. வழிப்பான் வருவதற்கு முன்னால் எல்லாம் ஆள்காட்டி விரல்தான். சோப்புத் தண்ணீரில் விரலை முக்கு, ஒரே இழுப்பாக இழு, நடுவில் நிறுத்தாதே என்று மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார். விரலுக்கு எட்டாத இடத்தில் குல்ஃபி குச்சி. மும்பையில் இந்த வேலை செய்கிற நிறையப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் கை சுத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

வாங்கின அந்த வாரமே என் வீட்டு சிங்க்கைச் சுற்றிப் பழைய சிலிகானை அறுத்துப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் இடது பக்கத்தை விரலால் இழுத்து முடித்துவிட்டேன். அப்புறம்தான் பையில் இருந்த பாக்கெட் ஞாபகம் வந்து, வலது பக்கத்தை வழிப்பானால் வழித்தேன். ஒரே ட்யூப், ஒரே நாள், ஒரே கிரானைட். அன்றைக்குப் பார்க்க இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன. இடது பக்கம் கொஞ்சம் பளபளப்பாகக்கூட இருந்தது.

2023 மழை முடியும்போது இடது பக்கத்தில் மயிரிழை அளவுக்குக் கறுப்புக் கோடு. நகத்தால் நெருடினால் ஓரம் தூக்கிக்கொண்டு வந்தது. வலது பக்கம் அசையவில்லை. இதற்குப் பிறகு பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் என் கையால் அடித்த லைன்களைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஓரத்தில்தான் உரிந்திருந்தது.

காரணம் விரலின் உருவத்தில் இருக்கிறது. விரல் நுனி உருண்டை. அதை மூலையில் வைத்து அழுத்தி இழுத்தால் லைனின் நடுப்பகுதி குழிந்துபோகும், சிலிகான் இரண்டு ஓரத்துக்கும் பிதுங்கி வெங்காயத் தோல் கனத்துக்குப் படரும். பார்க்க அழகாக, கல்லோடு கல்லாகக் கலந்த மாதிரி இருக்கும். அந்தத் தோலுக்குப் பலம் கிடையாது. சிங்க் தேய்க்கிற நார் பட்டுப் பட்டு முனை தூக்கும், அடியில் எச்சில் தண்ணீரும் சோப்பும் புகுந்து தங்கும், பூஞ்சை பிடிக்கும். வழிப்பானின் சாய்ந்த முகம் மூலையில் திடமான ஒரு முக்கோணத்தை விட்டுவைக்கிறது. அதன் இரண்டு ஓரமும் கல்லையும் ஸ்டீலையும் ஒட்டி ஓடுவதால் மிச்சத்தை அங்கேயே வெட்டி எடுத்துவிடுகிறது. மெல்லிய தோலாக வால் விடுவதில்லை. அதோடு, வழிக்கிற அழுத்தத்தில் சிலிகான் இடுக்குக்குள் இறங்கி இரண்டு பக்கமும் நன்றாகப் பிடிக்கிறது. வழிப்பது அழகுக்காக மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய பாடம்.

துண்டுகளில் பொறித்திருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 8 என்று போட்டிருந்தால் இரண்டு பக்கமும் 8 மி.மீ. ஒட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் செட்டில் அளந்து பார்த்தால் அது சாய்ந்த முகத்தின் அகலம். ஒவ்வொரு பக்கமும் கல்லில் பிடிக்கிற அகலம் 5.6 மி.மீ.தான் வருகிறது. மூலை லைனுக்கு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதனால் சிங்க்குக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் 10ஆம் முனையைத்தான் எடுக்கிறேன். அதில் 7 மி.மீ. கிடைக்கிறது. சின்ன முனைகள் கண்ணாடி ஓரம், அலமாரி ஓரம் போன்ற தண்ணீர் படாத இடங்களுக்கு.

பெரிய முனை எடுத்தால் சிலிகான் கூடுதலாகச் செலவாகாதா என்று கேட்பார்கள். ஆகும். 10ஆம் முனை லைனுக்கு 280 மில்லி ட்யூப் ஒன்று கணக்குப்படி 11 மீட்டர் வர வேண்டும். வழித்தெடுக்கிற கழிவு போக எனக்கு 8 மீட்டர் தேறுகிறது. ட்யூப்பின் மூக்கான நாசிலை வழிப்பான் முனைக்குத் தகுந்த அளவில் சாய்வாக வெட்டி, ட்யூப்பை மாட்டிப் பிதுக்குகிற கன்னை ஒரே வேகத்தில் நகர்த்தப் பழகினால் கழிவு குறையும். வழிப்பான் கிடைத்த புதிதில் எப்படியும் வழிக்கப்போகிறோமே என்று கண்டபடி பிதுக்கினேன். அப்போது ஒரு இழுப்புக்கு ஒரு கைப்பிடி சிலிகான் வந்தது, இரண்டு பக்கமும் வழிந்து கல்லெல்லாம் ஈஷிக்கொண்டது. அளவாக அடித்தால்தான் இந்தச் சாமான் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது நேரம். சிலிகான் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிற பொருள். பாலில் ஆடை கட்டுகிற மாதிரி முதலில் மேலே தோல் கட்டும். ட்யூப்பில் பத்து, பதினைந்து நிமிஷம் என்று போட்டிருப்பார்கள். மும்பை ஜூலை ஈரத்தில் ஐந்து நிமிஷம் தாண்டினாலே எனக்குப் பயம் வந்துவிடும். ஆடை கட்டின பிறகு வழிப்பானை வைத்தால் லைன் கிழியும், திரி திரியாக இழுத்துக்கொண்டு வரும், அதைச் சரிசெய்ய முடியாது. வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் ஒரு மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் அடிப்பதில்லை. நான் அடிக்க அடிக்கப் பின்னாலேயே பையன் வழித்துக்கொண்டு வருவான். மேலே ஆடை கட்டிவிட்டது என்பதற்காக உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம் வரைதான் இறுகும். 10ஆம் முனை லைனுக்கு நடுவில் 5 மி.மீ. ஆழம் இருப்பதால், இரண்டு நாள் சிங்க்கைப் புழங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

சோப்புத் தண்ணீரை இப்போது அநேகமாக விட்டுவிட்டேன். விரலால் இழுக்கும்போது சோப்பு இல்லாமல் முடியாது, விரலில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் சொட்டு சொட்டாக, இன்னும் சிலிகான் அடிக்காத கல்லின் மேலும் விழும். சோப்பு பட்ட கல்லில் சிலிகான் பிடிக்காது. எத்தனை வீட்டில் நானே என் லைனுக்கு அடியில் சோப்பைத் தடவி வைத்திருக்கிறேன் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வழிப்பானை ஆடை கட்டுவதற்குள் இழுத்தால் உலர்ந்தபடியே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இந்த செட் என்ன பிளாஸ்டிக் என்பதும் முக்கியம். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஜாதி பிளாஸ்டிக்கில் சிலிகான் பிடிக்காது. கழுவ மறந்து மறுநாள் எடுத்தால்கூட நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்து வந்துவிடும். 2024இல் ஆன்லைனில் இன்னொரு கருவி வாங்கினேன். ஒரு முனையில் ரப்பர் தலை, மறுமுனையில் பழைய சிலிகானைச் சுரண்ட ஸ்டீல் தகடு. சுரண்டுகிற முனை அருமை, இன்றைக்கும் பையில் இருக்கிறது. ரப்பர் தலை சிலிகான் ரப்பரால் ஆனது. ஈரச் சிலிகான் நன்றாகக் கவ்விக்கொள்கிற பொருள்களில் இறுகிய சிலிகான் ரப்பரும் ஒன்று. ஒரு நாள் துடைக்காமல் பையில் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் சிலிகான் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்ததில் தலையின் ஓரமும் சேர்ந்து போனது. அந்த மாதிரி தலை உள்ளதை வாங்கினால் ஒவ்வொரு இழுப்புக்கும் துடையுங்கள்.

ஓரம் பழுதாவதுதான் வழிப்பானின் பெரிய குறை. மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டில் வெள்ளை மார்பிள் மேடைக்கு லைன் அடித்தேன். அங்கே அதற்கு முன் வேலை பார்த்த யாரோ, வினிகர் வாடை வருகிற ரகத்தை வாஷ்பேசின் கண்ணாடிக்குப் பின்னால் அடித்து ரசம் கறுத்துப் போயிருந்தது. மார்பிளுக்கும் ரசம் பூசிய கண்ணாடிக்கும் அந்த ரகம் ஆகாது, அதில் கிளம்புகிற அமிலம் இரண்டையும் கெடுக்கும். நியூட்ரல் என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். அதையெல்லாம் மாமிக்கு விளக்கிவிட்டு நியூட்ரல் ட்யூப்பில் அடித்து, வழித்து, நிமிர்ந்தேன். மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது என்ன கோடு? எழுத்தாணி வச்சு இழுத்தாப்ல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடறதே?”

ஆறடி லைன் முழுக்க, நடுவில் ஒரே நேராக ஒரு கீறல். வழிப்பானைத் திருப்பிக் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் ஓட்டினேன். எள்ளில் பாதி இருக்கும், அவ்வளவு சின்ன வெட்டு. முந்தின நாள் எங்கேயோ சிமெண்டுத் துணுக்கில் உரசியிருக்கிறது. ஆடை கட்டும் முன்னே மாமி பார்த்தது நல்லதாகப் போயிற்று. எல்லாவற்றையும் காகிதத்தால் வழித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கல்லைத் துடைத்து, வேறு துண்டால் மறுபடி அடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு லைனுக்கு முன்னாலும் ஓரத்தில் நகம் ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சின்ன வெட்டாக இருந்தால் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் புது பிளேடால் ஒரு மயிரிழை சீவினால் சரியாகிவிடும். இரண்டு தடவைக்கு மேல் சீவினால் முகத்தின் அளவே மாறிவிடுகிறது, அப்போது தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஜன்னலுக்கு வெளிப்பக்கம், சொரசொரப்பான பிளாஸ்டர் சுவரில் இழுத்தால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி ஓரம் கரையும். முதல் மழைக்காலத்திலேயே இரண்டு துண்டு அப்படித்தான் போயின. இப்போது வெளிவேலைக்குத் தேய்ந்த பழைய துண்டுகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பழைய கட்டடங்களில் சுவர் உப்பியும் குழிந்தும் இருக்கும். அங்கே நேரான ஓரம் மேட்டில் உட்கார்ந்துகொண்டு பள்ளத்தில் சிலிகானைக் கனமாக விட்டுவிடும். அந்த மாதிரி இடத்திலும், கமோடு அடியில் வளைந்து போகிற இடத்திலும், மூன்று சுவர் கூடுகிற மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி விரலால்தான் இழுக்கிறேன். ஆடை கட்டும் முன்னே டேப்பை உரித்துவிட வேண்டும். உருண்டை முனை ஸ்டீல் குச்சிகளும் வாங்கிப் பார்த்தேன். டைல்ஸ் இடுக்குக்கு நல்லது. சிங்க் மூலைக்கு விரல் மாதிரியேதான் குழித்துவிடுகிறது.

லைன் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் வந்த ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜூன் முதல் வாரம் செம்பூரில் ஒரு வீட்டு ஜன்னலை முதல் தடவையாகப் பையனை நம்பி விட்டேன். போய்ப் பார்த்தேன், லைன் ஸ்கேல் வைத்த மாதிரி இருந்தது. தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். மும்பைக்கு மழை இறங்குகிற வழக்கமான தேதி ஜூன் 11. அந்த வருஷம் மழை ரொம்பத் தாமதம், மாதக் கடைசியில்தான் இறங்கியது. முதல் பெரிய மழையன்று காலை ஆறு மணிக்குப் போன், ஹாலெல்லாம் தண்ணீர் என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்லைடிங்கின் கீழ் ட்ராக் மாட்டுத்தொட்டி மாதிரி நிரம்பி உள்பக்கம் வழிகிறது. ட்ராக்கில் விழுகிற மழைத் தண்ணீர் வெளியே போவதற்காக வெளிப்பக்கம் விட்டிருக்கும் ஓட்டைகளையும் சேர்த்துப் பையன் லைன் ஓட்டிவிட்டான். நானும் லைனின் அழகைப் பார்த்தேனே தவிர ஓட்டையைத் தேடவில்லை.

“அண்ணாச்சி, லைன் நல்லாத்தானே வந்துச்சு?” என்றான். கண் கலங்கியிருந்தது. கத்தியை அவன் கையிலேயே கொடுத்து ஓட்டைகளைத் திறக்கச் சொன்னேன். தண்ணீர் குபுகுபுவென்று வெளியே போனதைப் பார்த்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. அந்த வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது சிலிகான் கன்னைத் தொடுவதற்கு முன்னால் ஓட்டைகள் மேல் டேப் துண்டு ஒட்டிவிடுவான். கடைசியில் அதை உரித்து, ஒரு சொம்பு தண்ணீரை ட்ராக்கில் ஊற்றி வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையைக் கட்டுவான்.

முதலில் வாங்கிய நாலில் இரண்டுதான் மிச்சம். இடையில் அதே செட்டை இன்னும் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். தினமும் வேலை செய்கிறவன் கையில் ஒரு செட் ஒன்றேகால் வருஷம் வரும். வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்குக் கழுவித் துடைத்து வைத்தால் பல வருஷம் போதும். வீட்டு சிங்க்கின் இடது பக்கம் மேலும் தூக்கிக்கொண்டு வந்ததில், 2024 மே மாதம் முழுக்க அறுத்தெடுத்துவிட்டு 10ஆம் முனையால் அடித்தேன். வலது பக்கத்தைத் தொடவில்லை. 2022இல் அடித்தது இந்த மழைக்கும் அப்படியே இருக்கிறது.