வெள்ளவத்தையில் ‘பார்க்கிங் உண்டு’: விளம்பரமா, தரகரா?

வெள்ளவத்தை என்கிற கொழும்பு 6இல் வாடகை வீடு தேட மூன்று வழிகள்: இணைய விளம்பரம், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, லேனுக்கு லேன் ஆள் பழக்கமுள்ள தரகர். எத்தனை அறை, எவ்வளவு வாடகை என்று அறிய இணையம் போதும். வாகனம் இருந்தால் போதாது. ‘பார்க்கிங் உண்டு’ என்றால் கேட்டுக்கு வெளியே மதிலோரமாகவும் இருக்கலாம், இன்னொருவர் காருக்கு முன்னால் அடைபட்டு நிற்பதாகவும் இருக்கலாம். ஹோலை நாலு கோணத்தில் படம் போடுகிறவர்கள் தரிப்பிடத்தை ஒரு படம்கூடப் போடுவதில்லை. பத்திரிகையில் படமே கிடையாது.

இந்த விஷயத்தில் தரகர்தான் மேல். ஒரு வருட ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார். அந்தக் காசுக்கு அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தரிப்பிடம் எத்தனையாம் நம்பர்? பின்னால் நிற்பது யாருடைய வாகனம்? தெரியாது என்றால் அவர் கீழ்த்தளத்தை எட்டியும் பார்க்கவில்லை. கெட்டிக்காரத் தரகர் அங்கேயே செக்யூரிட்டிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்.

வீடு பார்க்க ஓட்டோவில் போகாதீர்கள். சொந்தக் காரிலேயே, இரவு எட்டு மணிக்குப் பிறகு போங்கள். பகல் பதினொரு மணிக்கு எந்தத் தரிப்பிடமும் மைதானம் மாதிரித்தான் தெரியும். கையில் அளவு நாடா இருக்கட்டும். 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் இருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் தூண் வந்து அகலம் 2.2 மீட்டர்தான் என்றால், 1.7 மீட்டர் அகலமுள்ள டொயோட்டா அக்வாவோ அக்சியோவோ நிற்கும். ஆனால் இரு பக்கமும் சேர்த்து மிஞ்சுவது அரை மீட்டர். சாரதிக் கதவு வலப்பக்கம் என்பதால், தூண் கதவுக்கு நேரே வலப்பக்கம் வந்தால் இறங்கவே முடியாது. அப்போது ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், அதே தூண் இடப்பக்கம் போய்விடும்.

இயந்திரத் தட்டில் அடுக்கும் பார்க்கிங் என்றால் உயரத்தைக் கேளுங்கள். வரம்பு 1.55 மீட்டர் என்றால் நீளமான அக்சியோ ஏறும், குட்டி வாகன் ஆர் ஏறாது. அதன் உயரம் ஏறக்குறைய 1.65. ஹொண்டா வெசலும் ஏறாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஆள் ஏறும் லிஃப்டுக்கு மட்டுமா, கார்த் தட்டுக்கும் சேர்த்தா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

நிலத்தடித் தரிப்பிடத்தில் சுவரின் அடியைப் பாருங்கள். கணுக்கால் உயரத்தில் நேர்கோடாக மண்ணிறக் கறை ஓடினால் மழைக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. பம்ப் எங்கே என்று கேளுங்கள். சரிவுப் பாதையின் மேல் விளிம்பிலும் கவனம் வேண்டும். ஐந்து பேர் ஏறிய ப்ரியஸுக்கு அடிப்பகுதி உரசுவது அங்கேதான்; தனியாக ஓட்டிப் பார்த்தால் தெரியாது. மெரைன் டிரைவ் பக்கம் கூரையில்லாத தரிப்பிடம் என்றால் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். வாடகை குறைவென்று அதை எடுக்காதீர்கள்.

ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்தும் இடமென்றால் சாவி யாரிடம் இருக்கும் என்பதே முக்கியம். செக்யூரிட்டியிடம் கொடுத்துவைக்கும் வழக்கமுள்ள கட்டடத்தில் சமாளிக்கலாம். இல்லாவிட்டால், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மேல்மாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ‘ஒரு வாகனத் தரிப்பிடம்’ என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள். தளமும் இலக்கமும் வரவேண்டும். அந்த இடம் வீட்டு உறுதிப்பத்திரத்தோடு சேர்ந்ததா, எல்லாருக்கும் பொதுவானதா என்று தொடர்மாடியின் நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். பொது இடத்தை வீட்டுக்காரர் தனியே எழுதித் தர முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுத வேண்டும். தரகரின் கமிஷனைச் சாவி வாங்கும் அன்றைக்கு, கார் அந்த நம்பரில் நின்ற பிறகு கொடுங்கள்.