போகொத்தாவில் 93,500-க்குச் சாப்பிட்டேன், எடுத்தது 9,35,000

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 8,41,500 பெசோ. நம் காசுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் இருக்கும். இரண்டு கிண்ணம் சூப் குடித்ததற்கு!

வேலை விஷயமாக ஒரு மாதமாகக் கொலம்பியத் தலைநகர் போகொத்தாவில் இருக்கிறேன். லா கந்தெலாரியா என்கிற பழைய பகுதியில், சுற்றுலாக்காரர்கள் நடமாடும் சந்து ஒன்றில் சின்னதாக ஓர் உணவகம். பெயர் வேண்டாம். வாசலில் கரும்பலகை, உள்ளே ஆறு மேசை, கொலம்பியாவின் பழைய சமையல் மட்டும். மதியம் 'கொரியெந்தாசோ' என்கிற அளவுச் சாப்பாட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். சூப், சோறு, பீன்ஸ், இறைச்சித் துண்டு, ஜூஸ். ஒரு பெசோகூடக் கூட்டி வாங்கவில்லை. அதுதான் வினை.

இந்த ஊர் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிற்பகல் மழை பிடித்தால் எலும்பு வரை குளிரும். அப்போது அஹியாக்கோ என்கிற சூப்பைக் குடிக்க வேண்டும். கோழியும் மூன்று வகை உருளைக்கிழங்கும் போட்டது. குட்டியாக மஞ்சளாக இருக்கும் கிரியோயா என்கிற வகை கரைந்து சூப்பைக் கெட்டியாக்கிவிடும். சபனேரா துண்டாகவே நிற்கும். ஒரு துண்டு சோளக்கதிர் மிதக்கும். பாலேடு, கேப்பர் என்கிற ஊறுகாய் மொட்டு, அவகாடோ எல்லாம் தனியாக வரும். கல்லாவில் இருந்த அம்மா, குவாஸ்காஸ் என்கிற காய்ந்த மூலிகை இலையை உள்ளங்கையில் கசக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது இல்லையென்றால் அஹியாக்கோவே இல்லை, மி அமோர் (என் அன்பே)." நான் விழுந்தது அந்த வாசனையில்தான்.

சனிக்கிழமை அலுவலக நண்பரையும் கூட்டிக்கொண்டு போனேன். அஹியாக்கோ இரண்டு 76,000, லூலோ பழ ஜூஸ் 9,000. டிப்ஸ் பத்து சதவீதம் சேர்க்கலாமா என்று கேட்டார்கள், தாராளமாக என்றேன். மொத்தம் 93,500. பில்லில் சரியாகத்தான் இருந்தது.

பரிமாறும் பையன் கார்டு மெஷினைக் கொண்டுவந்தான். இங்கே ஆயிரத்துக்குக் காற்புள்ளி கிடையாது, புள்ளிதான்: 93.500. திரையில் இருந்தது 935.000. அவன் கட்டைவிரல் பாதித் திரையை மறைத்தபடி, எத்தனை தவணை என்று கேட்டான். ஒன்று என்றேன். நண்பரிடம் குவாஸ்காஸ் பற்றி அளந்துகொண்டே பின் நம்பரைத் தட்டினேன். ரசீது வேண்டுமா என்றான். வேண்டாம் என்று பெரிய மனிதன் மாதிரி கை அசைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வங்கிக் குறுஞ்செய்தியை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். 9,35,000. ஓடினேன். அதே அம்மா, அதே சிரிப்பு. "பதறாதீர்கள், சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்." திங்களன்று முதலாளி மெதெயின் நகருக்குப் போயிருக்கிறாராம். செவ்வாயன்று, வங்கியே பதினைந்து நாளில் திருப்பிப் போடுமாம். வாட்ஸ்அப்பில் பில்லை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். நேற்று போனபோது அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். சமையலறைக் கதவிடுக்கில் அவன் சோளம் உரித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நம் ஊர் வங்கியோ, பின் நம்பர் போட்டது நீங்கள்தானே, மெஷின் ரசீது இருக்கிறதா என்கிறது. 8,41,500 பெசோ, ஐயா! அந்தக் கடையில் இருபத்திரண்டு கிண்ணம் அஹியாக்கோ வாங்கலாம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மெஷினைக் கையில் வாங்கி, சைபரை எண்ணிவிட்டு அப்புறம் பின் போடுங்கள். ரசீதை விடாதீர்கள். சின்னக் கடையில் ரொக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, 2018 சட்டப்படி பத்து சதவீதத்துக்கு மேல் கேட்கவும் கூடாது. நுகர்வோர் புகாருக்கு அரசின் தொழில், வணிகக் கண்காணிப்பு அலுவலகம் இருக்கிறது, எஸ்ஐசி என்பார்கள். விடுதிக்கார அம்மாவை வைத்து ஸ்பானிஷில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை விமானம். அதற்குள் இன்னொரு தடவை அந்தக் கடை வாசலில் போய் நிற்கத்தான் போகிறேன்.