கனவுக் கொப்பியில் திரும்பத் திரும்ப வந்தவை: நான்கு ஆண்டு அனுபவம்

2021 தை மாதம் கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய ஒரு சீ.ஆர். கொப்பியில் என் கனவுகளை எழுதத் தொடங்கினேன். இப்போது ஐந்தாவது கொப்பி நடக்கிறது. முதல் நான்கிலும் சேர்த்து 212 கனவுகள் உள்ளன. எவை மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதைக் கண்டறிய இப்பழக்கம் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதை இதைத் தொடங்க எண்ணுபவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுதுவதற்குப் பென்சிலே நல்லது. மல்லாந்து படுத்தபடி எழுதினால் குமிழ்முனைப் பேனையில் மை இறங்குவதில்லை. எழும்பி உட்கார்ந்தாலோ பாதிக் கனவு போய்விடுகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பலிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் அந்நேரக் கனவு மனத்தில் தங்குவதற்குக் காரணம் உண்டு. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவரித்த, கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை விடியலை நெருங்க நெருங்க நீளுகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன.

முதலாண்டு முழுவதும் பல் விழுந்தால் சாவு, பாம்பு துரத்தினால் பகை என்று பலன் தேடியே வீணாக்கினேன். பிறகுதான் கல்வின் ஹால், வான் டி காசில் ஆகிய இரு உளவியலாளர்கள் 1966இல் வெளியிட்ட வகைப்படுத்தல் முறையைப் பற்றி அறிந்தேன். கனவுக்குப் பொருள் சொல்லாமல், அதில் வந்த ஆட்கள், இடம், பொருட்கள், உணர்ச்சி என்பவற்றை எண்ணிக் கணக்கிடுவதே அதன் அடிப்படை. அதை எளிமையாக்கி, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் நான்கைந்து சொற்களை மட்டும் குறித்துவைத்தேன். அந்த இரவின் மழை, காய்ச்சல் போன்றவற்றையும் சேர்த்து எழுதினேன். வெள்ளக் கனவுகள் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை, தகரக் கூரையில் மழை கொட்டிய இரவுகளில் வந்தவை என்பது அதனால்தான் தெரிந்தது.

இடையில் ஆறு மாதம் கைபேசிச் செயலி ஒன்றிலும் எழுதினேன். அதன் தேடல் தமிழுக்குப் பொருந்தவில்லை. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ என்று எழுதியவை அகப்படுவதில்லை. ‘வீட்’ என்று இன்னொரு முறை தேட வேண்டும். ‘குளம்’, ‘குளத்தில்’ இரண்டுக்கும் ‘குள’ போதும். இதை அறியாமல் ஒருவர் தேடினால், அதிகம் வந்த பொருளே குறைவாக வந்ததாகத் தோன்றிவிடும். நான் கொப்பிக்கே திரும்பிவிட்டேன்.

எண்ணி முடித்தபோது கிடைத்தது நான் எதிர்பார்த்ததல்ல. போர்க்காலத்துச் செல்லடியும் (எறிகணை வீச்சு) பங்கரும்தான் (பதுங்குகுழி) கூடுதலாக இருக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அவை 9 மட்டுமே. வீடு வந்தவை 58. ஆனால் ‘வீடு’ என்ற அந்தக் குறிப்பு தனியே எதையும் சொல்லவில்லை. 58 பக்கங்களையும் ஒரே மாலையில் தொடர்ந்து வாசித்தபோதுதான், 23 கனவுகளில் வீட்டுக்கு வாசல்நிலை இருக்கிறது, கதவு இல்லை என்பது கண்ணில் பட்டது. எந்தப் பக்கத்தின் ஓரத்திலும் ‘கதவு’ என்று நான் எழுதியிருக்கவில்லை. இல்லாத ஒன்றைக் குறித்துவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணுவது எந்தப் பக்கங்களை வாசிப்பது என்று காட்டும்; வாசித்தால்தான் பொருள் அகப்படும் என்பதே இம்முறை பற்றிய என் கணிப்பு.

2008 கடைசியில் போரால் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது 11. பலரைப் போலவே நாங்களும் கூரைத் தகரத்தையும் கதவு யன்னல்களையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அது நினைவிருந்தது, கதவு பிறகு என்னவானது என்பது நினைவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “உடையார்கட்டில பங்கருக்கு மேல அதைத்தானே போட்டு மண் மூடினனாங்கள். நீதானே ஒரு பக்கம் பிடிச்சனி?” என்றார்.

அதன் பிறகு அக்கனவு நின்றுவிடவில்லை. இவ்வாண்டு இரண்டு முறை வந்தது. இப்போது ஓரக் குறிப்பில், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பொருளுக்கென்று தனியாக ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன்.