லேப் கியூசி சாப்ட்வேர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

எங்களுடையது சின்ன ரத்தப் பரிசோதனை லேப். பயோகெமிஸ்ட்ரி மெஷினோடு இணைத்து ஓட்டும் ஒரு கியூசி (குவாலிட்டி கன்ட்ரோல், அதாவது மெஷின் சரியாக அளக்கிறதா என்று கண்காணிக்கும்) சாப்ட்வேரை எட்டு மாதம் முன்பு வாங்கினேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றும் புதுசில்லை. 1924-இல் வால்டர் ஷூவார்ட் தொலைபேசிக் கருவி ஃபேக்டரிக்காகப் போட்ட கன்ட்ரோல் சார்ட் (சராசரிக்கு நடுக்கோடும் அதற்கு மேலும் கீழும் எல்லைக் கோடும் போட்டு, ரீடிங்கைப் புள்ளியாக வைக்கும் படம்), 1950-இல் லெவியும் ஜென்னிங்ஸும் அதை லேப்புக்குக் கொண்டுவந்தார்கள், 1981-இல் வெஸ்ட்கார்ட் குழு ரீடிங்கை எப்போது ஏற்கக் கூடாது என்று மேலே சில விதிகளை அடுக்கியது. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் மணிக்கு ஐந்து பீஸ் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து புள்ளி வைக்கிறாரே, அதே சமாச்சாரம்தான், இரும்புக்குப் பதில் கன்ட்ரோல் சீரம், அதாவது என்ன ரீடிங் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சாம்பிள்.

போன மாசம் இது தன் காசைச் சம்பாதித்துவிட்டது. எஸ்ஜிபிடி (கல்லீரல் என்சைம் டெஸ்ட்) கன்ட்ரோல் தினமும் 2 எஸ்.டி.க்குள்தான் வந்தது (எஸ்.டி. என்பது ரீடிங் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு), டெக்னீசியனும் ரெஜிஸ்டரில் டிக் போட்டுக்கொண்டே போனார். பத்தாம் நாள் திரையில் சிவப்பு. பத்து ரீடிங்கும் சராசரிக்குக் கீழே, பூவா தலையா போட்டுப் பத்து தடவையும் பூவே விழுந்த மாதிரி. எஸ்ஜிஓடி, ஏஎல்பி என்ற மற்ற என்சைம் டெஸ்ட்டுகளின் சார்ட்டைத் திறந்தால் அவையும் அதே நாளிலிருந்து இறங்கியிருக்கின்றன, சுகர் மட்டும் அசையவில்லை. என்சைம் டெஸ்ட்டுகள் வினையின் வேகத்தை அளப்பவை, சூடு குறைந்தால் ரீடிங் இறங்கும். சுகரை வினை முடிந்தபின் அளக்கிறோம், அதனால் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. சர்வீஸ் இன்ஜினியர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 37 டிகிரி இருக்க வேண்டிய இன்குபேட்டர் 36-ஐக்கூட எட்டவில்லை. மெஷினோ தன் திரையில் 37 என்றே காட்டிக்கொண்டிருந்தது!

சரி, எரிச்சலுக்கு வருவோம். இன்ஸ்டால் செய்தவர்கள் கன்ட்ரோல் பாட்டிலோடு வரும் தாளில் இருந்த ரேஞ்சையே ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அது பல லேப்களுக்கும் பொருந்த அகலமாகப் போட்டது, அதை வைத்தால் புள்ளியெல்லாம் நடுக்கோட்டை ஒட்டி அழகாக நிற்கும், எதையும் பிடிக்காது. நாங்களே இருபது நாள் ரீடிங் சேர்த்து எங்கள் சராசரியையும் எஸ்.டி.யையும் போட்டோம். அப்புறம் வந்தது அடுத்த தலைவலி, 2 எஸ்.டி. தாண்டினாலே ரிஜெக்ட் என்று செட்டிங் இருந்தது. அது எச்சரிக்கைக்கான கோடு ஐயா! மெஷின் நன்றாக இருந்தாலே ஏறக்குறைய இருபதில் ஒரு ரீடிங் அதைத் தாண்டும். டெஸ்ட்டுக்கு இரண்டு லெவல் கன்ட்ரோல் என்று இருபது டெஸ்ட் ஓட்டும் எங்களுக்குத் தினம் ஒன்றிரண்டு பொய் அலாரம். கடைசியில், ரேஞ்சுக்குள் வரும்வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற கெட்ட பழக்கம்தான் மிச்சம். 3 எஸ்.டி.க்கு மாற்றச் சொல்லி நாலு தடவை போன் போட வேண்டியிருந்தது.

இன்னொன்று, ஒரு புள்ளியை அழித்தால் ஏன் என்று கேட்பதே இல்லை. இதை இன்னும் சரிசெய்யவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குவதாக இருந்தால் டெமோவில் அவர்கள் டேட்டாவைக் காட்டவிடாதீர்கள், உங்கள் ரெஜிஸ்டரில் மெஷின் தகராறு செய்த மாசம் ஒன்றைக் கொடுத்து, எந்தத் தேதியில் பிடிக்கிறது என்று பாருங்கள்.