வெள்ளைப் புகை வந்தால் ஹெட்டை இறக்க வேண்டுமா? நான்கு சோதனைகளின் ஒப்பீடு

டிசம்பர் காலையில் குன்னூரில் காரை ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகை வரத்தான் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குளிரில் அது கண்ணுக்குத் தெரிகிறது, சைலன்சர் சூடானதும் மறைந்துவிடுகிறது. ஆனால் எனக்கு அந்த வாரம் ரிசர்வ் டேங்கில் கூலன்ட்டும் குறைந்தது, கல்லாறு தாண்டி ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளும் மேலே போனது. மெக்கானிக் ஷெட்டில் சைலன்சரை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். ஒரு சோதனைகூடச் செய்யவில்லை.

இன்ஜினின் மேல்பாகம்தான் ஹெட். அதற்கும் கீழே சிலிண்டர்கள் உள்ள பாகத்துக்கும் நடுவே, எரியும் வாயுவும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் தகடு ஹெட் கேஸ்கட். ஹெட்டை இறக்குவது சின்ன வேலை இல்லை. டைமிங், மேனிஃபோல்டு எல்லாம் கழற்றி, ஹெட்டை லேத்துக்கு அனுப்பி அடிப்பரப்பைச் சமமாக்கி (ஃபேஸிங்), பல கார்களில் ஹெட் போல்ட்டையும் புதிதாகப் போட வேண்டும். அதற்குச் சம்மதிக்கும் முன் ஏதாவது ஒரு சோதனையைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

முதலில் புகை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலம் என்றால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். இழுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கலாம். இவை இரண்டுக்கும் ஹெட் கேஸ்கட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடையும் அடித்தால்தான் கூலன்ட் எரிகிறது என்று அர்த்தம்.

இப்போது சோதனைகள். எனக்குப் பிடித்தது பிரஷர் டெஸ்ட். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று ஏற்றுவார்கள். என் காரில் அது 0.9 பார். பம்பிலுள்ள கேஜின் முள் நின்றபடியே நின்றால் நல்லது. என் காரில் ஐந்து நிமிடத்தில் பாதிக்கு இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினோம். வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால் பச்சையாக ஒரு துளி, அது விழுந்ததும் அடுத்த துளி. பம்ப்பை மாற்றியதோடு கூலன்ட் குறைவதும் சூடு ஏறுவதும் நின்றுவிட்டன. வெளியே கசியும் எதையும் இந்தச் சோதனை காட்டிக் கொடுத்துவிடும். முள் இறங்கியும் வெளியே ஈரமே இல்லை என்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள்தான் போகிறது. இதன் குறை ஒன்றுதான்: சிலிண்டருக்குள் எரியும்போது பல பத்து பார் அழுத்தம் வரும், நாம் ஏற்றுவதோ ஒரு பார். அந்த அழுத்தத்தில் மட்டும் திறக்கும் விரிசல் இதில் தப்பிவிடும்.

அந்த இடத்தில்தான் பிளாக் டெஸ்ட் கைகொடுக்கிறது. நீலத் திரவம் ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளிருக்கும் காற்றை அந்தத் திரவம் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டு நீலம் மஞ்சளாகும். என் மச்சான் காரில் ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகியது, டேங்கில் குமிழி விடாமல் வந்தது. திரவமும் பச்சையாகி மஞ்சளானது. அங்கே ஹெட்டை இறக்கியது சரி. முதலில் கொஞ்சம் கூலன்ட்டை வெளியே எடுத்துவிட வேண்டும்; குழாய்க்குள் கூலன்ட் ஏறிவிட்டால் முடிவை நம்ப முடியாது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. நிறம் மாறவில்லை என்பதால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு சிலிண்டருக்கு நடுவே மட்டும் கேஸ்கட் எரிந்திருந்தால் கூலன்ட்டில் வாயு சேராது.

அதைப் பிடிப்பது கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்தில் கேஜைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது. பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் நடுவே கேஸ்கட் போயிருக்கலாம். ஆனால் கூலன்ட் கொஞ்சமாகக் கசியும் காரில் நான்கு சிலிண்டரும் நன்றாகவே காட்டும். பலரும் முதலில் இதைத்தான் எடுக்கிறார்கள், ஆனால் தண்ணீர் குறையும் பிரச்சினைக்கு மிகக் குறைவாக உதவுவது இதுதான். இன்னொன்று, ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அங்கே அளந்தால் நான்கு சிலிண்டருமே குறைத்துத்தான் காட்டும். புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம். சிலிண்டரோடு சிலிண்டரை ஒப்பிடுங்கள்.

லீக் டவுன் டெஸ்ட் இதைவிட ஒரு படி மேல். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் கம்ப்ரஸர் காற்றை சிலிண்டருக்குள் விட்டு, எங்கே ஒழுகுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். எந்த சிலிண்டர் என்றும் தெரிந்துவிடும். நேரம் பிடிக்கும், நல்ல கருவியும் பொறுமையும் உள்ள மெக்கானிக் வேண்டும்.

என்னைக் கேட்டால், கூலன்ட் மட்டும் குறைகிறது என்றால் பிரஷர் டெஸ்ட், ஹோஸ் இறுகிக் குமிழி வந்தால் பிளாக் டெஸ்ட், இன்ஜின் மிஸ் ஆனால் கம்ப்ரஷன். லீக் டவுன், ஹெட்டை இறக்கும் முடிவுக்கு முன் கடைசியாக. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் ஈரம் சேர்ந்தே அப்படி ஆகும்.

டீசல் காருக்குக் கணக்கு வேறு. கம்ப்ரஷன் மிக அதிகம் என்பதால் பெட்ரோல் இன்ஜினுக்கான கம்ப்ரஷன் கேஜ் தாங்காது. ஐடிலில் புகையில் கார்பன் டை ஆக்ஸைடு குறைவு, அதனால் பிளாக் டெஸ்ட் நிறமும் தெளிவாக மாறாது. கண் எரிச்சலோடு வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல், டீசலைப் பீய்ச்சும் நாசிலைப் பார்க்க வேண்டும். கூலன்ட்டும் குறைந்து வெள்ளைப் புகையும் வந்தால்கூட ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பிப் போகும் எக்ஸாஸ்ட் புகையைக் கூலன்ட்டால் ஆறவைக்கும் பாகம்) விரிசல் விட்டிருக்கலாம். அறிகுறி அப்படியே ஹெட் கேஸ்கட் மாதிரி இருக்கும். அதைக் கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, காற்று ஏற்றி, பஞ்சர் கடையில் டியூபை முக்குவதுபோல் தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.