ஞானப்பல்: இப்போதே எடுப்பதா, விட்டுவைப்பதா?

பள்ளியின் கடைசி வருட மேட்ரிக் பரீட்சை முடிந்த கையோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வீடுகளில் கிளம்பும் பேச்சு இது. பிள்ளை இன்னும் பெற்றோரின் மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறது, டிசம்பர் விடுமுறையும் நீளம். பல்கலைக்கழகம் திறப்பதற்குள் நான்கு ஞானப்பற்களையும் மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் எடுத்துவிடலாமே என்பார்கள். என் அக்கா மகள் விஷயத்திலும் அதே பேச்சுதான். அவளுடைய எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு டர்பன் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் அவர்கள் வீடே இரண்டு கட்சியானது.

எடுக்கச் சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பதினெட்டு, இருபது வயதில் தாடை எலும்பு அவ்வளவு இறுகியிருக்காது, பல்லின் வேரும் முழுதாக வளர்ந்திருக்காது. எடுப்பது எளிது, புண்ணும் சீக்கிரம் ஆறும். முப்பதைத் தாண்டினால் இரண்டுமே கடினமாகும்.

இதைவிடப் பலமான காரணத்தை அவளுடைய எக்ஸ்ரேயிலேயே பார்த்தேன். கீழ் வலதுபக்க ஞானப்பல் முன்னோக்கிச் சாய்ந்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் முதுகில் தலையை முட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அங்கே சோறு போகும், பிரஷ் போகாது. இப்படிப்பட்ட இடத்தில் சொத்தை விழுவது பெரும்பாலும் ஞானப்பல்லில் அல்ல, நாம் தினமும் மெல்லப் பயன்படுத்தும் அந்த நல்ல பல்லில். வலி தெரிந்து ஓடும்போது சில சமயம் இரண்டையுமே இழக்க வேண்டியிருக்கும். வலி இல்லை என்பதால் இந்த வகைப் பல்லைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விட்டுவைக்கச் சொல்பவர்களிடமும் வலுவான ஆதாரம் உண்டு. நோய் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2000இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தொந்தரவு தராத பல்லை எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா என்று முடிவு சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் போதாது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வும் சொன்னது. அறுவையில் ஆபத்தும் உண்டு. கீழ்ப்பல்லின் வேருக்கு அடியில் ஓடும் நரம்பு அடிபட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும். நிரந்தரமாக மரத்துப்போவது 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. அப்புறம், பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிட்டால் மூன்றாம் நாளில் காதுவரை இழுக்கும் வலி. புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

ஆனால் விட்டுவைப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. பிரிட்டனிலேயே அந்த வழிகாட்டுதலுக்குப் பின், வயது ஏறி, பக்கத்துப் பல் சொத்தையாகி வருகிறவர்கள் கூடினார்கள். விட்டுவைத்தால் வருடாவருடம் காட்டவேண்டும், மருத்துவர் சொல்லும்போது எக்ஸ்ரேயும் எடுக்கவேண்டும். பாதி முளைத்த பல்லின் ஈறு ஒருமுறை லேசாக வீங்கினால் உப்புநீர் கொப்பளித்துச் சுத்தமாக வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் வீங்கினால் எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும். நைஸும் இதையே சொல்கிறது.

“முன்பற்களை நெருக்கிக் கோணலாக்கிவிடும்” என்ற பயத்துக்காக மட்டும் எடுக்கவே வேண்டாம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

அடுத்தது, டென்டிஸ்ட் நாற்காலியிலா, ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து ஆபரேஷன் தியேட்டரிலா? மரப்பு ஊசி போட்டு டென்டிஸ்ட் நாற்காலியிலேயே எடுத்தால் செலவு குறைவு, அன்றே நடந்து வீட்டுக்கு வரலாம். எலும்புக்குள் ஆழமாகப் படுத்திருக்கும் பல்லுக்கும், ஊசிக்கே நடுங்கும் பிள்ளைக்கும் தியேட்டர்தான் நல்லது. அதற்கு மெடிக்கல் எய்டிடம் முன்அனுமதி வாங்கவேண்டும். திட்டத்தைப் பொறுத்து நம் கையிலிருந்தும் ஒரு தொகை போகும். மயக்க மருத்துவரின் பில் தனியாக வரும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு: “எப்படியும் மயங்கித்தானே இருக்கிறாள், மற்றதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்” என்ற பேச்சு. ஒவ்வொரு பல்லுக்கும் தனியாகக் காரணம் சொல்லச் சொல்லுங்கள். வேர் நரம்பைத் தொடுகிறதா என்றும் கேளுங்கள். தொட்டால் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். சிலருக்கு வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதும் உண்டு.

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து அலகு குத்துகிற பிள்ளையாக இருந்தால் தேதி முக்கியம். ஈறு மூடவே சில வாரங்கள் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். நேர்த்திக்கடனை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவசரமில்லாத பல் என்றால் காவடி முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா மகளுக்கு அந்தச் சாய்ந்த பல்லை மட்டும் மரப்பு ஊசியில் எடுத்தார்கள். இரண்டாம் நாள் கன்னம் நன்றாக வீங்கியது. ஆறவைத்த கூழும் காரமில்லாத பருப்புச் சோறும்தான் சாப்பாடு. மற்ற மூன்றும் நேராக இருக்கின்றன, பிரஷும் எட்டுகிறது. கீழே எதிர்ப்பல் இல்லாததால் மேல் வலதுபக்கப் பல் மெல்ல இறங்கி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த பரிசோதனையில் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.