ஏற்காட்டுப் படங்களும் ஸ்நேக்மேக்கும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களின் செயற்கைக்கோள் படங்களைச் சேலத்திலிருந்து பதப்படுத்திக் கொடுப்பது எங்கள் சின்னக் குழுவின் வேலை. சில்வர் ஓக் நிழல் எங்கே அடர்ந்திருக்கிறது, மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்த பிறகு எந்தச் சரிவில் பச்சை ஏறுகிறது, எது இன்னும் காய்ந்து கிடக்கிறது என்று வருடவாரியாக ஒப்பிட்டு வரைபடம் போட்டுத் தருகிறோம். இந்த வேலை முழுவதையும் வரிசைப்படுத்தி ஓட்டுவது ஸ்நேக்மேக். 2012-ல் யோஹன்னஸ் கோஸ்டரும் ஸ்வென் ராமனும் உயிரித் தகவலியல் ஆய்வுகளுக்காக வெளியிட்ட கருவி இது. மரபணுவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எங்களுக்கும் அது நன்றாகவே உழைக்கிறது. “கமாண்ட்களை வரிசையாக எழுதி வைத்த ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் போதாதா, இதையெல்லாம் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுப்பது ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் படங்கள். ஒரு சதுரம் சுமார் 110 கிலோமீட்டர் பக்கம் கொண்டது. 10 மீட்டர் துல்லியத்தில் ஒவ்வொரு பேண்டும் (ஒரு நிற அலைவரிசையின் படம்) 10980-க்கு 10980 பிக்சல். சுருக்காமல் வைத்தால் ஒரு பேண்ட் மட்டுமே 240 எம்பி. படத்தை இறக்கி, மேகத்தை மறைத்து, ஒரே வரைபட அமைப்புக்கு மாற்றி, தாவரக் குறியீடான என்டிவிஐ கணக்கிட்டு, மாதவாரியாக நடு மதிப்பு எடுத்து, தோட்ட எல்லைகளுக்குள் வெட்டி அட்டவணை போட வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பியிருக்கிறது. இதைப் பல வருடங்களுக்குச் செய்தால் ஆயிரக்கணக்கான ஜாப் (தனித்தனியாக ஓடும் வேலை) ஆகிவிடும்.

ஸ்நேக்மேக்கில் ஒவ்வொரு படியையும் ஒரு ரூலாக எழுத வேண்டும். இன்புட் ஃபைல் எது, அவுட்புட் ஃபைல் எது, நடுவில் ஓட வேண்டிய கமாண்ட் எது என்று சொன்னால் போதும். எதை முதலில் ஓட்டுவது என்று நாம் எழுதுவதில்லை. கடைசியில் எனக்கு இந்த அட்டவணை வேண்டும் என்று கேட்டால், அதற்கு எது தேவை, அதற்கு முன்னால் எது தேவை என்று அதுவே பின்னோக்கிப் போய்ப் பார்த்து, இல்லாததையும் பழசாகிப்போனதையும் மட்டும் செய்கிறது. இந்த யோசனை புதிதல்ல. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் நிரல் செய்வதும் இதைத்தான். ஆனால் ஒரே ஃபைல் பெயரில் தேதி, சதுரம், பேண்ட் என்று பல மாறிகள் வந்தால் மேக்கில் எழுதி மாளாது. ஸ்நேக்மேக்கின் வைல்ட்கார்டு (ஃபைல் பெயரில் மாறும் பகுதிக்கு வைக்கும் இடக்குறி) அதைச் சுலபமாகத் தாங்குகிறது. பைத்தான் தெரிந்தவருக்கு மொழியும் அந்நியமாக இருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். கோடை மாலையில் மலைப் பக்கம் இடி இறங்கினால் எங்கள் பகுதியில் கரண்ட் போகும். யூபிஎஸ் சிறிது நேரம்தான் தாங்கும். ஒரு ஜியோடிஃப் (இட விவரத்தோடு சேர்ந்த பட ஃபைல்) பாதி எழுதப்பட்டிருக்கும்போது மெஷின் அணைந்தால் என்ன ஆகும்? ஃபைல் இருக்கும், பெயர் சரியாக இருக்கும், ஓரளவு எடையும் இருக்கும். “ஃபைல் இருந்தால் அடுத்த படிக்குப் போ” என்று எழுதிய சாதாரண ஸ்கிரிப்ட் அதை முடிந்த ஃபைலாகவே எடுத்துக்கொள்ளும். அடிப்பகுதியில் கருப்புப் பட்டையோடு அந்தப் படம் மாத நடு மதிப்புக் கணக்குக்குள் போய்ச் சேரும். அதைக் கண்டுபிடிக்க யாராவது ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்தால்தான் உண்டு.

ஸ்நேக்மேக் இங்கே வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஒரு ஜாப் தொடங்கும்போதே அதன் அவுட்புட்டுக்கு எதிரே “முடியவில்லை” என்று தன்னுடைய மறைவு ஃபோல்டரில் குறித்து வைக்கிறது. ஜாப் நல்லபடியாக முடிந்தால்தான் அந்தக் குறிப்பை எடுக்கிறது. கமாண்ட் பிழையோடு நின்றால் அரைகுறை அவுட்புட்டை அதுவே அழித்துவிடுகிறது. கரண்ட் வந்து மெஷினை ஏற்றியதும் வழக்கம்போல ஓட்டிப் பார்த்தால் முதலில் ஃபோல்டர் பூட்டப்பட்டிருக்கிறது என்று மறுக்கும். வேறு யாராவது அதே ஃபோல்டரில் ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற எச்சரிக்கை அது. யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அன்லாக் கொடுக்கிறேன். அடுத்து, இந்த ஃபைல்கள் முடியாதவை போலத் தெரிகின்றன என்று பட்டியல் போட்டு நிற்கும். ரீரன்-இன்கம்ப்ளீட் ஆப்ஷனோடு மறுபடி ஓட்டினால் அவற்றை மட்டும் புதிதாகச் செய்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த ஒரு குணத்துக்காகவே மற்ற எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொண்டு இதை வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு நுட்பமான ஓட்டை உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. கமாண்ட் முடிந்தது என்பது வேறு, தரவு டிஸ்க்கில் இறங்கியது என்பது வேறு. ஆபரேட்டிங் சிஸ்டம் கொஞ்ச நேரம் மெமரியிலேயே வைத்திருந்து பிறகுதான் எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால், முடிந்ததாகக் குறித்த ஃபைலும் காலியாக இருக்கலாம். பெரிய படங்களை எழுதும் ரூல்களின் கடைசியில், மெமரியில் உள்ளதை உடனே டிஸ்க்கில் எழுத வைக்கும் சிங்க் கமாண்ட் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். சில நொடிகள் கூடுதலாகும், ஆனால் மனம் நிம்மதி.

த்ரெட்களை, அதாவது ஒரு ஜாப்புக்குள் இணையாக ஓடும் இழைகளை, பங்கிடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ரூலுக்கு 4 த்ரெட் என்று எழுதி, மொத்தம் 16 கோர் கொடுத்தால் ஒரே நேரத்தில் நான்கு ஓடும். மெமரிதான் கவனிக்க வேண்டியது. ரிசோர்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு ரூலும் எத்தனை எம்பி எடுக்கும் என்று எழுதிவிட்டு, மொத்த வரம்பைக் கமாண்டில் கொடுக்கலாம். அது நாம் சொன்ன எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கும், அவ்வளவே. நிஜத்தில் ஜாப் எவ்வளவு விழுங்குகிறது என்று சொந்த மெஷினில் தடுக்காது. ஆகவே பெஞ்ச்மார்க் பகுதியைப் போட்டு வைத்து, அது எழுதித் தரும் உச்ச மெமரியைப் பார்த்த பிறகு எண்ணைக் குறிப்பது நல்லது. இதே ரிசோர்ஸ் பகுதியில் நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. படம் இறக்கும் ரூலுக்கு “டவுன்லோட் 1” என்று கொடுத்து, மொத்த வரம்பை 2 என்று வைத்திருக்கிறோம். கோர் எத்தனை சும்மா இருந்தாலும் இரண்டு படத்துக்கு மேல் ஒரே நேரத்தில் இறங்காது. ஆபீஸில் மற்றவர்களும் நெட் பயன்படுத்த வேண்டுமே.

2022 ஜனவரி 25-ஐ இந்தத் துறையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து சென்டினல்-2 படங்களின் பதப்படுத்தும் முறை 04.00 பதிப்புக்கு மாறியது. ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூடுதலாக வர ஆரம்பித்தது. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். “அண்ணா, மலை முழுக்க ஒரே மாசத்துல காஞ்ச மாதிரி காட்டுதே?” என்று எங்கள் குழுத் தம்பி சோதனைப் படத்தைப் பார்த்ததும் கேட்டான். கணக்கு இதுதான். சிவப்பு பேண்டில் 400, அகச்சிவப்பில் 3000 என்றால் என்டிவிஐ 0.76, செழிப்பான தோட்டம். இரண்டிலும் 1000 கூடினால் 1400, 4000. வித்தியாசம் அதே 2600தான், ஆனால் கூட்டுத்தொகை 5400 ஆகிவிடுவதால் குறியீடு 0.48-க்கு இறங்குகிறது. ஒரு இலைகூட உதிராமல் தோட்டம் வாடியதுபோலத் தெரியும்.

தேதியை வைத்து இதைச் சரிசெய்யலாம் என்று தோன்றும். ஆனால் பழைய வருடப் படங்களையும் புதிய முறையில் மறுபடி பதப்படுத்தி வெளியிடுகிறார்கள், அதனால் தேதி உதவாது. படத்தோடு வரும் மெட்டாடேட்டா ஃபைலையும் என்டிவிஐ ரூலின் இன்புட்டாகச் சேர்த்து, கழிக்க வேண்டிய எண்ணை அதிலிருந்தே படிக்கும்படி மாற்றினோம். ரூலை மாற்றி டிரை ரன் (எதையும் ஓட்டாமல் திட்டத்தை மட்டும் காட்டும் ஆப்ஷன்) கொடுத்ததும் எந்தெந்தப் படங்களுக்கு எந்தப் படி மறுபடி ஓடும், ஏன் ஓடும் என்று காரணத்தோடு பட்டியல் வந்தது. இறக்கின படங்களையும் மேக மறைப்பையும் அது தொடவில்லை. என்டிவிஐயும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டும் ஓடின. எதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி யோசிக்கும் வேலை மிச்சம்.

அதே 2022-ல் ஸ்நேக்மேக்கும் தன் பழக்கத்தை மாற்றியது. அதுவரை ஃபைலின் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது, 7.8 பதிப்பிலிருந்து கமாண்ட் மாறினாலும் பாராமீட்டர் மாறினாலும் மறுபடி ஓட்டு என்று முடிவு செய்கிறது. சரியான முடிவுதான். ஆனால் படத்தை வேறு வரைபட அமைப்புக்கு மாற்றும் ஜிடால் வார்ப் கமாண்டில் திரைச் செய்தியைக் குறைக்கும் ஒரு ஆப்ஷனைச் சேர்த்தால்கூட எல்லாப் படங்களையும் மறுபடி மாற்றக் கிளம்பிவிடும். அதற்கு ரீரன்-டிரிகர்ஸ் ஆப்ஷனில் நேரத்தை மட்டும் பார் என்று சொல்ல வழி இருக்கிறது. அதை நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். அன்றைக்கு மட்டும் கமாண்டில் கொடுத்துவிட்டு விடுங்கள். உண்மையான மாற்றம் நடக்கும் நாளில் அந்தக் கண்டிப்புதான் காப்பாற்றும்.

ஃபைல் பெயர் வைப்பதில் இந்தக் கருவி கறாராக இருக்கும். சேலம் மாவட்டத்தில் இதை வேறு விதமாகவும் உணர்ந்தோம். 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே போகிறது. பூமியைத் தீர்க்கரேகை வாரியாக மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வரைபட அமைப்பின் 43, 44-ஆம் மண்டலங்கள் அந்தக் கோட்டில்தான் பிரிகின்றன. ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் கிழக்குப் பக்கம். மேட்டூர், எடப்பாடி மேற்குப் பக்கம். ஆகவே மாவட்டம் முழுவதற்கும் படம் போட இரண்டு மண்டலப் படங்களும் வேண்டும், எல்லாவற்றையும் 44-க்கு மாற்றும் ரூலும் வேண்டும். மண்டல எண், சதுரத்தின் பெயர், தேதி மூன்றையும் கீழ்க்கோடு போட்டு ஒட்டி ஒரே பெயராக வைத்தால் எங்கே எது முடிகிறது என்று வைல்ட்கார்டு குழம்பும். இரண்டு ரூல் ஒரே ஃபைலைச் செய்ய வருகின்றன என்று திட்டும். மண்டலத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதிக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து, தேதி என்றால் எட்டு இலக்கம்தான் என்று வைல்ட்கார்டு கட்டுப்பாட்டில் எழுதிவிட்டால் அந்தப் பிரச்சினை வராது. இந்த ஒழுங்கு முதலில் கெடுபிடியாகத் தெரியும். ஆனால் ஒரு வருடம் கழித்து யார் வந்து ஃபோல்டரைத் திறந்தாலும் எது எங்கே என்று கேட்க வேண்டியிருக்காது.

இடையில் உருவாகும் ஃபைல்களுக்கு டெம்ப் என்று குறித்துவிட்டால், அவற்றைப் பயன்படுத்தும் ஜாப் எல்லாம் முடிந்ததும் தானாக அழிந்துவிடும். எங்கள் டிஸ்க் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

எனக்கு இன்றும் பிடிக்காதது செக்பாயின்ட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேர்வராயன் மேல் மேகம் கவிந்தே இருக்கும். எந்தப் படம் தேறும் என்பது மேக மறைப்பு முடிந்த பிறகுதான் தெரியும். அதாவது, அடுத்த படிக்கு எத்தனை ஃபைல் என்பது ஓடும்போதுதான் முடிவாகிறது. முழுத் திட்டத்தையும் முன்கூட்டியே வரைந்துகொள்ளும் கருவிக்கு இது ஒத்துவராத நிலைமை. செக்பாயின்ட் என்ற வசதியால் நடுவில் நின்று திட்டத்தை மறுபடி போடச் செய்யலாம், வேலையும் செய்கிறது. ஆனால் எழுதுவது சிக்கல், பிழை வந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பது அதைவிடச் சிக்கல். டிரை ரன்னில் முழுப் படமும் தெரியாமல் போவது எனக்குப் பெரிய இழப்பு. நாங்கள் வேலையை இரண்டு ஸ்நேக்ஃபைலாக (ரூல்களை எழுதி வைக்கும் ஃபைல்) பிரித்துவிட்டோம். முதலாவது, தேறிய தேதிகளை ஒரு பட்டியலாக எழுதும். இரண்டாவது, அந்தப் பட்டியலைப் படித்துத் தொடங்கும். நடுவில் பட்டியலை ஒரு மனிதர் கண்ணால் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. பனிமூட்டத்தை மேகம் என்று தள்ளிய படங்களை அப்படித்தான் மீட்கிறோம்.

பெரிய ஓட்டங்களுக்கு ஒரு கல்லூரியின் கிளஸ்டரில் (இணைத்து வைத்த பல மெஷின்கள்) எங்களுக்கு இடம் உண்டு. அங்கே ஜாப்களை வரிசைப்படுத்தி மெஷின்களுக்குப் பங்கிடுவது ஸ்லர்ம் என்ற நிரல். ஸ்லர்மிலேயே “இந்த ஜாப் நல்லபடியாக முடிந்தால்தான் அதைத் தொடங்கு” என்று சார்பு சொல்லலாம். மூன்று நான்கு ஜாப்புக்கு அதுவே தாராளம், ஸ்நேக்மேக்கே தேவையில்லை. அதற்கு மேல் போனால் ஜாப் எண்களைப் பிடித்து அடுத்ததற்குக் கொடுத்தே நேரம் போகும். நடுவில் ஒன்று விழுந்தால், சார்பு இனி நிறைவேறாது என்ற குறிப்போடு மிச்சமெல்லாம் வரிசையில் தேங்கி நிற்கும். ஸ்நேக்மேக் தானே கணக்கு வைத்துக்கொண்டு, தயாரான ஜாப்பை மட்டும் ஸ்லர்முக்கு அனுப்புகிறது. அதனால் தாய் நிரல் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தாலும் நிற்காத டிமக்ஸ் டெர்மினலுக்குள் ஓட்டுங்கள். அரை நிமிட ஜாப்களை ஆயிரக்கணக்கில் வரிசையில் தள்ளினால் நிர்வாகியிடமிருந்து மெயில் வரும். குரூப் என்று குறித்துச் சேர்த்து அனுப்புவது மரியாதை.

2023 இறுதியில் வந்த எட்டாம் பதிப்பு கிளஸ்டர் பயனர்களை ஒரு ஆட்டு ஆட்டியது. பழைய கிளஸ்டர் ஆப்ஷன் போய்விட்டது. ஸ்லர்முக்குத் தனி ப்ளக்-இன் நிறுவி, எக்சிக்யூட்டர் என்று குறிப்பிட வேண்டும். ரூல்களில் கை வைக்க வேண்டியதில்லை, ஓட்டும் கமாண்டும், ஆப்ஷன்களைச் சேர்த்து வைக்கும் புரொஃபைலும்தான் மாறின. ஓடிக்கொண்டிருக்கும் பணியை நடுவில் பதிப்பு மாற்றாதீர்கள். ஒவ்வொரு பணிக்கும் மென்பொருள்களை நிறுவித் தரும் கோண்டாவில் தனிச் சூழல் வைத்து, ஸ்நேக்மேக் பதிப்பையும் அதிலேயே எழுதி வையுங்கள்.

தொடங்குகிறவர்கள் இருக்கிற ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். கடைசி இரண்டு படிகளை மட்டும் ரூலாக எழுதுங்கள், முந்தையது ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும். டிரை ரன் கொடுத்து, எதிர்பார்த்த ஜாப்கள்தான் வருகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு இடைப்பட்ட ரூலை ஃபோர்ஸ்ரன் ஆப்ஷனில் குறிப்பிட்டு மறுபடி டிரை ரன் கொடுத்தால், அதுவும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டும் பட்டியலில் வர வேண்டும். அப்படி வந்தால் ஒரு படி பின்னால் போய் அடுத்த ரூலை எழுதலாம். கருவியே இலக்கிலிருந்து பின்னோக்கித்தான் யோசிக்கிறது என்பதால் அந்தத் திசையில் எழுதும்போது பிழைகள் உடனுக்குடன் தெரியும்.